குடிலுக்குள் இறங்கிய பக்கெட் வீல்

1

எங்கள் குத்தல் சங்கத்துக்குப் போன வாரம் ஆண்டு விழா. பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஆட்டுக் கம்பளியை ஊசியால் குத்திக் குத்திப் பொம்மை செய்கிற பெண்களின் சங்கம் அது. ஜெர்மனியில் நான்கு பேர் ஒரே நாளில் தும்மினால் மறுநாளே அதற்கு ஒரு சங்கம் பதிவாகிவிடும். எங்களுக்கும் தலைவி உண்டு, செயலாளர் உண்டு, பொருளாளர் உண்டு. ஊசி உடைந்தால் துண்டை எந்த டப்பாவில் போட வேண்டும் என்பதற்கு விதி உண்டு. உறுப்பினராகச் சேர நான் கொடுத்த காகிதங்கள், கல்யாணத்துக்குக் கோயிலில் கொடுத்ததைவிட அதிகம்.

விழாவில் தலைவி இங்க்ரிட் என்னைப் பேசச் சொன்னார். தலைப்பும் அவரே கொடுத்தார்: 'என் தாயகத்தின் கம்பளி மரபு'. நான் நெய்வேலிக்காரி. எங்கள் ஊரின் கம்பளி மரபு என்பது, காய்ச்சலில் நடுங்குகிறவருக்கு ஒன்றைப் போர்த்திவிட்டு டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டும்தான். அதையே சொன்னேன். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஒரு அம்மாள் குறிப்புகூட எடுத்துக்கொண்டார். நாளைக்கே ஏதாவது கையேட்டில் அது தென்னிந்தியச் சிகிச்சை முறை என்று வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கடைசியில் ஒருத்தி, "கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கொண்டுபோன ஆடுகள் என்ன ஆயின?" என்று கேட்டாள். நல்லபடியாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நடந்ததை ஜெர்மன் மொழியில் சொல்ல எனக்கு வராது. எந்தப் பெயர்ச்சொல் ஆண், எது பெண் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

முதலில் என் அப்பா. பெயர் அருள்சாமி. மைன்ஸில் பக்கெட் வீல் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பக்கெட் வீலைப் பார்க்காதவர்களுக்காக: மாடிவீட்டு உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம், அதைச் சுற்றிலும் பல் வைத்த வாளிகள். சுற்றச் சுற்ற மண்ணை வெட்டி அள்ளிக் கன்வேயரில் கொட்டிக்கொண்டே இருக்கும். மேல்மண்ணை எடுத்தால்தான் அடியில் இருக்கும் பழுப்பு நிலக்கரி கிடைக்கும்.

ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அப்பாவுக்கு வருஷத்தில் ஒரே ஒரு வேலைதான். கிறிஸ்துமஸ் குடில். பங்குக் கோயிலில் குடில் போட்டி நடக்கும். வீடுவீடாக நடுவர்கள் வந்து மார்க் போடுவார்கள். ஒரு வீட்டில் மோட்டார் வைத்து அருவி கொட்டும். இன்னொரு வீட்டில் மாதாவுக்குப் பின்னால் ராக்கெட் நிற்கும். ஒட்டகத்தைவிட ஆடு பெரிதாக இருக்கும், அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்பாவின் குடில் வருஷா வருஷம் ஒன்றேதான். மைன்ஸ். பழுப்புக் காகிதத்தைக் கசக்கிப் படிப்படியாக வெட்டிய சுரங்கம் போலச் செய்வார். ஒவ்வொரு படியும் ஒரு பெஞ்ச். மேல் பெஞ்சில் இறக்கை வைத்த சம்மனசு, நடு பெஞ்சில் இடையர்கள், அடி பெஞ்சில் திருக்குடும்பம்.

"எல்லார் வூட்லயும் கொழந்த ஏசு மாட்டுக் கொட்டாயில பொறக்கறாரு. நம்ம வூட்ல மட்டும் செகண்ட் ஷிப்டுக்கு எறங்கிகினு இருக்காரு" என்பாள் அம்மா.

அப்பாவுக்கு எப்போதும் ஆறுதல் பரிசுதான் கிடைக்கும். அது எப்போதும் பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ்தான். எங்கள் வீட்டுப் பரணைத் திறந்தால் ஆறுதல்கள் தலையில் விழும்.

போன நவம்பரில் போன் செய்து, "ஆடு எல்லாம் காலு ஒடஞ்சி படுத்துகினு கெடக்குதும்மா. அங்கேருந்து நல்ல ஆடா நாலு வாங்கியா" என்றார். வாங்குவதா? நான் ஒரு பதிவு செய்யப்பட்ட சங்கத்தின் உறுப்பினர். "நானே செஞ்சி கொண்டாரேம்பா" என்றேன். வாய்க்கொழுப்பு.

3

குத்துவேலை பார்க்க எளிது. பஞ்சு மாதிரி இருக்கும் கம்பளியைக் கொஞ்சம் பிய்த்து உருட்டி, ஸ்பாஞ்சு மெத்தையின் மேல் வைத்து, ஊசியால் குத்த வேண்டும். ஊசியின் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் இருக்கும். அவை நாரை உள்ளே இழுத்து இழுத்து இறுக்கும். எந்தப் பக்கம் அதிகம் குத்துகிறோமோ அந்தப் பக்கம் ஒடுங்கும். ஊசியை நேராக இறக்கி நேராக எடுக்க வேண்டும். கொஞ்சம் சாய்த்தால் ஊசி முறியும். கவனம் தப்பினால் விரலில் ஏறும். மாமியார் மேல் கோபம் இருந்தால் ஆடு சீக்கிரம் இறுகும் என்று சங்கத்தில் ஒருத்தி சொன்னாள். அதை விதியில் சேர்க்கவில்லை.

என் முதல் ஆட்டுக்கு முகத்தில் ஆர்வமாக அதிகம் குத்திவிட்டேன். மூக்கு நீண்டுகொண்டே போய்ப் பெருச்சாளி ஆனது. இரண்டாவதற்கு வயிற்றில் குத்த மறந்தேன், ஊதிப்போய் நின்றது. காலுக்குக் கம்பி வைத்துச் சுற்றினால் உறுதியாக நிற்கும் என்றார் இங்க்ரிட். கம்பி வைத்தேன். நின்றது, ஆனால் நாயைப் பார்த்த பூனை மாதிரி நான்கு காலையும் விறைத்துக்கொண்டு நின்றது. கண்ணுக்கு மணி தைத்தபோது ஒன்று மேலே போய்விட்டது. அந்த ஆடு இன்றைக்கும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கும்.

நான் ஆட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே மேஜையின் மறுபக்கத்தில் என் மகள் லியா இன்னொன்று செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. இரண்டு நாட்டுக்காரர்களும் வாய் வலிக்காமல் கூப்பிட வேண்டும் என்று வைத்த பெயர். இரண்டு பக்கமும் நன்றாகக் கூப்பிடுகிறார்கள், அவள்தான் திரும்புவதில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நிலக்கரித் தூசியே வேண்டாம் என்று நெய்வேலியை விட்டு வந்தவள் நான். கணவருக்கு வேலை கிடைத்து நாங்கள் வந்து இறங்கிய ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அதே பக்கெட் வீல். நெய்வேலிக்கு அந்த இயந்திரமே இந்த நாட்டிலிருந்துதான் வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். சனியனிடமிருந்து தப்பி ஓடுகிறேன் என்று விமானம் ஏறி, அதன் பிறந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

லியாவும் அவள் தோழிகளும் அந்தச் சுரங்கத்தை மூடச் சொல்லி ஊர்வலம் போகிறவர்கள். சுரங்கத்துக்காக இங்கேயும் கிராமங்களைக் காலி செய்திருக்கிறார்கள், தேவாலயத்தைக்கூட இடித்திருக்கிறார்கள். பள்ளியில் கம்பளியும் நூலும் வைத்து ஏதாவது செய்து வரச் சொன்னதும் அவள் தேர்ந்தெடுத்தது பக்கெட் வீலை. கம்பி வளையத்தில் சாம்பல் நிறக் கம்பளியைச் சுற்றிக் குத்தினாள். கெட்டிக் கம்பளித் துணியை வெட்டி மடித்து வாளிகளும், மேலே அறை மாதிரி ஒரு குட்டிக் கேபினும் செய்தாள். ஓரம் பிரிந்து பிரிந்து வந்தபோதுதான் என்னிடம் வந்தாள்.

டவுன்ஷிப் கான்வென்ட்டில் தையல் வகுப்பில் சிஸ்டரிடம் குட்டு வாங்கிக் கற்ற வித்தை என் கையில் இருந்தது. சட்டைப் பொத்தானுக்கு எடுப்போமே, அந்தக் காஜாத் தையலைச் சொல்லிக்கொடுத்தேன். ஊசியை விட்டு, நூலை வளையத்துக்குள் வாங்கி, இழுத்து, அடுத்தது. சிவப்பு நூல் எடுத்தாள். ஒவ்வொரு வாளியின் வாயிலும் சிவப்பாக வரிசை வரிசையாகப் பற்கள் வந்தன. வாளிக்குள் சின்னச் சின்னச் சிவப்புக் கூரை வீடுகள் வைத்துத் தைத்தாள்.

என் மகள் என்னிடம் ஒன்றைக் கேட்டுக் கற்றது ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான். அந்த மயக்கத்தில் நான் தையலை மட்டும் பாராட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, இது என்னன்னு தெரியுதா?" என்றாள்.

"பக்கெட் வீல். தாத்தா ஓட்டினது."

ஊசியைக் கீழே வைத்தாள். "தாத்தா இன்ஜினியர்னு சொன்ன?"

வெளிநாட்டில் யார் அப்பாவும் ஆபரேட்டர் இல்லை. எல்லோரும் இன்ஜினியர்தான். நான் பேச்சை மாற்றிச் சாப்பாடு எடுத்துவைக்கப் போனேன்.

4

எல்லாக் கோளாறும் வீடியோ காலில் ஆரம்பித்தது. ஆடுகளைக் காட்டுகிறேன் என்று போனைத் திருப்பியபோது பின்னால் அலமாரி மேல் இருந்த லியாவின் இயந்திரம் அப்பா கண்ணில் பட்டுவிட்டது.

"ஏ, நிறுத்து நிறுத்து. பின்னால என்னா அது? நம்ம பக்கெட் வீலா?"

"ஆமாம்பா, லியா செஞ்சா."

அப்பா போனைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டார். எங்கள் பக்கம் அவருடைய ஒரு புருவம் மட்டும் தெரிந்தது. "பிலோமினா, இங்க வாயேன். பேத்தி எனக்காகப் பக்கெட் வீலு செஞ்சிருக்குது பாரு!" என்று அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார். பிறகு என்னிடம், "எனக்காகத்தான செஞ்சா?" என்றார்.

வீடியோ காலில் நாங்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோம். சாப்பிட்டாயா, ஆமாம். குளிரா, ஆமாம். மாப்பிள்ளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாரா, ஆமாம். அந்தப் பழக்கத்தில் இதற்கும் தலை ஆடிவிட்டது.

"அத மொதல்ல பொட்டில வை. ஆடு கூட அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

லியா ஊருக்கு எடுத்து வரச் சம்மதித்தாள். "தாத்தா பார்க்கட்டும், பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்றாள். நான் அதையும் காதில் வாங்காதவள் போல இருந்துவிட்டேன்.

5

விமான நிலையத்தில் பாதுகாப்புக்காரர்கள் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே கம்பி இருந்ததால் சந்தேகம். இது என்ன என்று ஒருவர் கேட்டதுதான் தாமதம், லியா காலி செய்யப்பட்ட கிராமங்களைப் பற்றி முழு மூச்சில் ஆரம்பித்துவிட்டாள். அந்த மனிதர் அவசர அவசரமாக மூடிக் கொடுத்து எங்களைப் போகச் சொன்னார். கொள்கைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

மந்தாரக்குப்பத்தில் ஆடுகளுக்குக் கிடைத்த வரவேற்பு வேறு. அம்மா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எலி எதுக்குடி இத்தினி?"

"ஆடும்மா."

"ஜெர்மன்ல ஆடு இப்படித்தான் இருக்குமா? பாவம்."

எதிர் வீட்டுப் பூனைக்கும் அம்மாவின் கருத்துதான். இரண்டாம் நாளே ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. மிச்ச ஆடுகளைக் காப்பாற்ற அம்மா குடிலைச் சுற்றி அந்துருண்டை போட்டாள். அந்தக் கிறிஸ்துமஸ் முழுக்கக் குழந்தை இயேசு துணி பீரோ வாசனையோடு படுத்திருந்தார்.

இயந்திரத்துக்கு மட்டும் ராஜ மரியாதை. அப்பா மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தோடு ஓரங்கட்டிவிட்டு, மேல் பெஞ்சில் நட்ட நடுவில் அதை நிறுத்தினார். வருகிறவர் போகிறவரையெல்லாம் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார். "பேத்தி செஞ்சது. அங்க பொறந்த புள்ள, பக்கெட் வீல மறக்கல பாருங்க." பால்காரர் பார்த்தார், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் பார்த்தார். வடலூரிலிருந்து என் சித்தப்பா பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு, "இந்தத் தடவ பஸ்ட் பிரைஸ் உனக்குத்தாண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லியா ஒவ்வொரு தடவையும் தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

நடுவர்கள் வருவதாக இருந்த அன்று மத்தியானம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது அவளும் கூடவே வந்தாள்.

"நான் தாத்தாகிட்ட உண்மையைச் சொல்லப் போறேன்" என்றாள். பிறகு ஜெர்மனுக்கு மாறிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்த மொழிதான். "நான் அதை ராட்சசனாகச் செய்தேன், தாத்தா அதைக் கொண்டுபோய் இயேசுவின் தலைக்கு மேல் வைத்திருக்கிறார், நீ பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாய்" என்றாள்.

"தாத்தாவுக்கு வயசாயிடுச்சு. ஒரு நாளைக்குப் பொறுத்துக்கோ. உனக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லிடு, அவ்வளவுதான்."

"பொய்யா?"

அவளைச் சமாதானப்படுத்த ஒன்றைச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். தாத்தாவின் சொந்த ஊரும் சுரங்கத்துக்குள்தான் போனது என்றேன். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்று கொடுத்தார்கள். அப்படித்தான் அவருக்கு மைன்ஸில் பர்மனென்ட் வேலை கிடைத்தது என்றேன்.

லியாவின் முகம் மாறிவிட்டது. "அவர் ஊரையே தின்ன மெஷினையா அவர் ஓட்டினார்? ஏன்?"

"தெரியாது."

"நீ கேட்டதே இல்லையா?"

கேட்டதில்லை. ஜெர்மனியில் தமிழ் மன்றத்தில் 'வேர்களைத் தேடி' என்ற தலைப்பில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இரண்டு முறை பேசியிருக்கிறேன். கைதட்டல் வாங்கியிருக்கிறேன். என் அப்பாவிடம் அவருடைய ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அம்மாவும் மேல்பட்டாம்பாக்கத்தில் தன் பிறந்த வீட்டைப் பற்றித்தான் ஓயாமல் பேசுவாள். அப்பா ஊர்ப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. ஏன் எடுக்கவில்லை என்றும் யாரும் கேட்டதில்லை.

"அவர்கிட்ட இதெல்லாம் கேட்டுடாதே லியா. தாங்க மாட்டார்" என்றேன். யார் தாங்க மாட்டார் என்று அவள் திருப்பிக் கேட்காதது என் நல்ல காலம்.

7

சாயங்காலம் நடுவர்கள் வந்தார்கள். புதிதாக வந்திருந்த இளம் உதவிப் பங்குத்தந்தை, கூடவே டவுன்ஷிப் பள்ளியில் எனக்கே கணக்கு எடுத்த ஸ்டெல்லா டீச்சர். டீச்சர் கையில் மார்க் சீட்டு. பரீட்சை ஹாலில் பார்த்த அதே பார்வை. நான் என்னையறியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் குடிலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

"இது என்னங்க வாசனை?" என்றார் ஃபாதர்.

"அந்துருண்டைங்க ஃபாதர். பூனத் தொல்ல" என்றாள் அம்மா.

டீச்சர் ஆடுகளைக் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இது என்ன ஜெசிந்தா, முயலா?" பிறகு இயந்திரத்தைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார். "அருள்சாமி, இது அருமையா இருக்கே! தையல் எவ்ளோ நேர்த்தியா இருக்கு பாருங்க ஃபாதர்."

"பேத்தி எனக்காகச் செஞ்சதுங்க டீச்சர். அவளே சொல்லட்டும். சொல்லு பாப்பா."

எல்லோரும் லியாவைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று அர்த்தம். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"தாத்தா, சாரி" என்றாள். "இது உனக்குச் செய்யல. இது ஊர் சாப்பிடற மெஷின். உள்ள எல்லாம் வீடு. ஜனங்க வீடு. எனக்கு ரொம்பக் கோபம். அதனால செஞ்சேன்."

ஃபாதர் தன் கால் விரல்களைப் பார்த்தார். டீச்சரின் பேனா மார்க் சீட்டின் மேல் அப்படியே நின்றது. அம்மா, "காபி எடுத்தாறேன்" என்று சொன்னாள், ஆனால் நகரவில்லை. அந்த நிமிஷம் என் மகள் மேல் வந்த கோபத்துக்குக் கையில் ஊசி இல்லாமல் போனது நல்லது.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு குடிலுக்கு முன்னால் குந்தினார். இயந்திரத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர் போல வாளி வாளியாகப் பார்த்தார். ஒரு வீட்டை விரலால் தொட்டார்.

"கேபின்ல ஆளு இல்லியே பாப்பா" என்றார்.

"என்ன தாத்தா?"

"இந்தா, மேல ரூமு மாதிரி செஞ்சிருக்கியே. ஆபரேட்டரு இங்கதான் குந்திகினு இருப்பான். ஆளு இல்லாம எப்படி வூட்டத் தின்னும்? தானா தின்னுமா?"

"நான் ஆள் செய்யல. மெஷின் மட்டும்தான்."

"நான்தான் இதுல இருந்தேன்."

டீச்சர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா குடிலைப் பார்த்துக்கொண்டே பேசினார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"எங்க ஊருக்கு மெஷினு வரும்போது எனக்கு பஸ்ட் ஷிப்டு. போர்மேன் வந்து, அருளு, நீ வேணா லீவு போட்டுக்க, வேற ஆள ஏத்தறேன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். எவனோ வந்து வெட்டிகினு போறத்துக்கு நானே போறேன்னு ஏறிட்டேன். வூட்ட எல்லாம் முன்னாடியே இடிச்சிட்டாங்க. எங்கப்பாரு போட்ட தர மட்டும் கெடந்துச்சி. செவப்பு சிமெண்டுத் தர. அதும் பக்கெட்ல ஏறிப் போச்சி. பாத்துகினே இருந்தேன்."

"ஏன் தாத்தா ஏறின?" என்றாள் லியா.

"பர்மனென்ட் வேலம்மா" என்றார் அப்பா. "அந்த வேலைக்குத்தான நெலத்தையே குடுத்தோம். ஏற மாட்டேன்னு சொன்னா அதும் போச்சி, இதும் போச்சி."

"எங்கிட்டக் கூட சொன்னதில்லியே" என்றாள் அம்மா.

"கேட்டியா நீ?"

அம்மாவிடம் கேட்டதுதான். என் மேல் விழுந்தது. நான் படித்த படிப்பு, கட்டிக்கொண்டு வந்த புடவை, ஏறிய விமானம் எல்லாம் அந்தச் சிவப்புத் தரை போன வாளியில்தான் வந்தது. நான் அதை 'இன்ஜினியர்' என்ற ஒரு வார்த்தையால் மூடி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. மொட்டைமாடியில் லியாவிடம், தாங்க மாட்டார் என்று சொன்னேனே, அதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

நடுவர்கள் காபி குடிக்காமலே கிளம்பினார்கள். வாசலில் டீச்சர் லியாவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். எவ்வளவு மார்க் போட்டார் என்று தெரியவில்லை. புத்தாண்டுப் பூசை முடிந்து பரிசு அறிவித்தார்கள். முதல் பரிசு மோட்டார் அருவிக்கு. அப்பாவுக்கு ஒரு டிபன் பாக்ஸ்.

8

அதற்கு முன்னால், நடுவர்கள் வந்துபோன மறுநாள் காலை, லியா எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் என் பெட்டியைக் கிளறி ஊசியும் ஸ்பாஞ்சும் எடுத்தாள். கறுப்பு ஆட்டுக்கு வாங்கியதில் மிச்சம் கிடந்த கம்பளியைப் பிய்த்துக்கொண்டு கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெரிய கம்பளியையே அடக்குவது கஷ்டம், அவள் செய்தது அவரைக்கொட்டை அளவு. அவ்வளவு சின்னதை விரலில் பிடித்துக்கொண்டு குத்த முடியாது. இரண்டு முறை ஊசி விரலில் ஏறியது. நான் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சரி என்றாள். 

கொஞ்சம் கொஞ்சமாக ஒரு ஆள் வந்தான். கை இரண்டையும் நூலால் இறுக்கிக் கட்டினாள். மஞ்சள் கம்பளியில் ஒரு ஹெல்மெட் வைத்து அதைச் சுற்றிக் காஜா எடுத்தாள். மூஞ்சி வரவில்லை. அவ்வளவு சின்னதில் எனக்குமே வராது.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் உள்ளங்கையை நீட்டினாள்.

"தாத்தா, இது நீ."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அந்த ஆளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஹெல்மெட்டு போட்டிருக்கானே" என்றார்.  

எழுந்து குடிலுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். மேல் பெஞ்சில் இயந்திரத்துக்கு முன்னால் குந்தி, அதன் சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றினார். ஒரு வாளி கீழே வந்ததும் நிறுத்தினார். அதற்குள் இருந்த சிவப்பு வீட்டுக்குப் பக்கத்தில், சாய்ந்து விழாமல், அந்த ஆளை உட்கார வைத்தார்.

லியா குனிந்து கேபினைக் காட்டினாள். "தாத்தா, உன் இடம் மேல."

"தெரியும் பாப்பா" என்றார் அப்பா. "ஷிப்டுக்கு இன்னும் டைம் இருக்கு. அதுவரிக்கும் வூட்டாண்ட கொஞ்ச நேரம் இருந்துட்டு வரட்டும்."